இன்று டொல்பின் இல்லை

நுஸ்ராவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு. அதற்கு அடுத்தது என்ன என்று அவளுக்கே தெரியாது. அதனால் காது சிவக்கத் தொடங்கும்போதே, எதையாவது வாங்கிவரச் சொல்லி உம்மா அவளைக் கடைக்கு அனுப்பிவிடுவார்.

அன்று காலை உம்மா பக்கத்தில் இல்லை. கண்டக்குழிக் கடற்கரையில் நுஸ்ராவும் வாப்பாவும்தான் நின்றார்கள். வேனில் வந்து இறங்கிய ஒருவர் வாப்பாவின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"இது உங்க படகு இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

நுஸ்ரா எட்டிப் பார்த்தாள். கைபேசியில் ஓர் இணையத்தளம். அதில் ஒரு நீலப் படகு. படகின் முனையில், செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு, முன்பல் இல்லாமல் சிரிக்கும் ஒரு சிறுமி.

அந்தச் சிறுமி அவள்தான். ஏழு வயதில் எடுத்த படம். பல்லெல்லாம் எப்போதோ முளைத்துவிட்டது.

"படகு என்டதான்," என்றார் வாப்பா மெதுவாக. "படமும் எங்கட. ஆனா இந்த இணையத்தளம் எங்கட இல்ல. நீங்க என்னோட கதைச்சதே இல்லையே."

"அப்ப நாங்க யாருக்குக் காசு கட்டினோம்?"

"அதில இருக்கிற நம்பருக்கு எடுத்துப் பாருங்க."

"ராத்திரியிலேருந்து எடுக்கிறோம். ஓஃப் பண்ணி வச்சிருக்காங்க. நுவரெலியாவிலேருந்து இதுக்காகவே வந்தோம்."

வாப்பாவின் படகில் ஏற்கெனவே ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கரையிலிருந்த மற்றப் படகுகள் விடியலிலேயே போய்விட்டன.

"நாளைக்குக் காலையில வாங்க. நான் கூட்டிக்கொண்டு போறன்," என்றார் வாப்பா.

"நாங்க இன்னைக்கே திரும்பணும்."

அவருக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை, காற்று ஊதிய மிதவை வளையத்தை இடுப்பில் மாட்டியபடி, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அந்த மனிதரின் கோபம் இன்னும் கூடியது. கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கள்ளக் கூட்டம். எல்லாம் சேர்ந்துதான் செய்றீங்க."

வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. வாப்பா படகைத் தள்ளினார்.

நுஸ்ராவின் மூக்கும் சிவந்துவிட்டது.

*

வாப்பாவின் பெயர் றஸீன். போர்க் காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேறி வந்தபோது அவர் சின்னப் பையன். இந்தக் கரையில்தான் வளர்ந்தார், இங்கேதான் மீன் பிடிக்கப் பழகினார். சண்டை முடிந்த பிறகு கற்பிட்டிப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். டொல்பின் வரும் மாதங்களில் வாப்பா அவர்களைப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிப்போவார். மற்ற மாதங்களில் மீன்.

அன்று பின்னேரம் அன்ரனிப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். படகுக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கதிரையில் உட்கார்ந்து, உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை வந்த காரியத்தைச் சொல்லவில்லை.

"றஸீன், உன்னை எனக்குத் தெரியும். ஆனா ஹோட்டல்காரருக்கு உன்னைத் தெரியாதே. இதைப் பார்."

வாப்பாவின் படகைப் பற்றி யாரோ இணையத்தில் எழுதியிருந்தார்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். கீழே ஒரே வரி: கள்ளர்கள், போகாதீர்கள்.

"இப்பிடி இன்னும் ரெண்டு வந்துதெண்டா, ஹோட்டல்கள் உன்னட்ட ஆக்களை அனுப்பாது. நான் சொன்னாலும் கேக்கமாட்டாங்க."

"பொலிஸில சொல்லியாச்சு," என்றார் வாப்பா. "எங்க இருந்து நடத்துறாங்க எண்டு தேடிப் பாக்கிறாங்களாம்."

அன்ரனிப்பிள்ளை போன பிறகு வாப்பா எழுந்து, ஏற்கெனவே துடைத்திருந்த எஞ்சினை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார். கோபப்பட வேண்டிய நேரத்தில் வாப்பா எதையாவது துடைப்பார். நுஸ்ராவுக்கு அதைப் பார்க்கத்தான் எல்லாவற்றையும் விடக் கோபமாக வந்தது.

அவள் நேரே வாப்பாவின் தம்பி, சாச்சாவின் வீட்டுக்குப் போனாள். சாச்சாவின் மகன், அவளுக்கு அண்ணன் முறையான ஃபைஸல் நானா, புத்தளத்தில் கணினி படிக்கிறவர். போன வருடம் வாப்பாவின் படகுக்கு இணையத்தளம் செய்து கொடுத்தவர் அவர்தான். அந்தத் தளத்திலிருந்துதான் படம் களவு போயிருந்தது.

"நானா, கற்பிட்டி, டொல்பின், படகு எண்டு தேடுங்க."

ஃபைஸல் நானா தேடினார். முதலாவதாக வந்தது அந்தக் கள்ளத் தளம். 'வருடம் முழுவதும் டொல்பின் நிச்சயம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வாப்பாவின் தளம் மூன்றாம் பக்கத்தில், 'டொல்பின் சலூன்' என்ற முடிவெட்டும் கடைக்குக் கீழே கிடந்தது.

"எங்கள விட சலூன் முன்னுக்கு நிக்குதா?"

"அவங்கட தளத்தை நிறையப் பேர் நம்புறாங்க போல," என்றார் நானா.

"சலூன விடுங்க. இந்தக் கள்ளனை எப்பிடி முதலாவதாப் போட்டது?"

"நுஸ்ரா, கூகிளுக்குக் கண்ணா இருக்கு? ஊருக்குப் புதுசா வந்த ஒருத்தர் டொக்டர் வீடு எங்க எண்டு கேட்டா, பத்துப் பேர் கை நீட்டுற வீட்டுக்குத்தானே போவார். அதுவும் அப்பிடித்தான். நிறையத் தளங்கள் எதைக் கை நீட்டிக் காட்டுதோ, அதை முன்னுக்கு வைக்கும்."

"இவங்களை ஆர் கை நீட்டிக் காட்டுறாங்க?"

"கையை விலைக்கு வாங்கியிருக்கிறாங்க. இணைப்பு விக்கிற ஆக்கள் இருக்கிறாங்க. பொய்யா நல்ல வார்த்தை எழுதிக் குடுக்கிற ஆக்களும் இருக்கிறாங்க." நானா விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். "நாங்களும் எழுதுவம். ஆருக்குத் தெரியப் போகுது?"

நுஸ்ராவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வேகமாகத் தட்டினாள்.

'என் பெயர் சூசன். நான் இலண்டனிலிருந்து வந்தேன். நூறு டொல்பின் பார்த்தேன். அவை எனக்குக் கை காட்டின.'

"டொல்பினுக்குக் கை இல்லையே," என்றார் நானா.

"செட்டை காட்டின எண்டு மாத்துறன். அவங்க எப்பிடி எழுதியிருக்கிறாங்க எண்டு காட்டுங்க."

நானா கள்ளத் தளத்தைத் திறந்தார். அங்கே முதலாவது வரி இப்படி இருந்தது: 'என் பெயர் ஜோன். நான் இலண்டனிலிருந்து வந்தேன். நூறு டொல்பின் பார்த்தேன்.'

நுஸ்ரா இரண்டையும் மாறி மாறி வாசித்தாள். ஜோனும் சூசனும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். காலையில் அந்த மனிதர் சொன்னது அவள் காதில் மறுபடியும் கேட்டது. கள்ளக் கூட்டம். எல்லாம் சேர்ந்துதான் செய்றீங்க.

எழுதியதை ஒரேயடியாக அழித்தாள்.

"ஏன்?" என்றார் நானா.

"இதைப் போட்டா அவர் சொன்னது சரியாப் போயிடும்."

"அப்ப வேற என்ன செய்றது?"

"தெரியாது," என்று கதவை அறைந்துவிட்டுப் போனாள். பிறகு திரும்பி வந்து, அது சாச்சியின் புதுக் கதவு என்பதால், மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

*

மறுநாள் காலை அவள் காது இன்னும் சிவப்பாகவே இருந்தது. உம்மா பையைக் கையில் கொடுத்தார்.

"பாரை வாங்கிக்கொண்டு வா. எமிலியா அன்ரியிட்ட."

மீன் விற்கும் இடத்தில் எமிலியா அன்ரியின் பலகைக்கு முன்னால் கூட்டம். நுஸ்ரா புகுந்து புகுந்து முன்னால் போனாள்.

"அன்ரி, பாரை."

"பாரை வேண்டாம் பிள்ளை. நேத்தைய மீன். கும்பளா கொண்டுபோ."

"உம்மா பாரைதான் கேட்டா."

"கேட்டா என்ன? தரமாட்டன். ஐஸில கிடந்தது. பூனை வளக்கிறதெண்டாச் சொல்லு, தாறன்."

எல்லோரும் சிரித்தார்கள். நுஸ்ராவுக்கு ஏற்கெனவே இருந்த கோபத்தோடு இந்தக் கோபமும் சேர்ந்தது. விடுவிடுவென்று பக்கத்துப் பலகைக்குப் போனாள். அங்கே நின்றவர், "துடிக்குது துடிக்குது, உயிர்ப் பாரை" என்று கூவிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பாரையின் கண் புகை படிந்த மாபிள் மாதிரி இருந்தது. அது துடித்து நாளாகியிருந்தது.

நுஸ்ரா திரும்பி எமிலியா அன்ரியின் பக்கம் பார்த்தாள்.

அங்கே நின்றவர்களில் ஒருவர்கூட மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்க்கவில்லை. பையை நீட்டினார்கள், அன்ரி போட்டார், வாங்கிக்கொண்டு போனார்கள். "இது கூடாது" என்று சொல்கிறவர் "இது நல்லது" என்று சொன்னால் அதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது?

நுஸ்ரா வெறும் பையோடு வீட்டுக்கு ஓடினாள்.

"மீன் எங்க?" என்றார் உம்மா.

"உம்மா, எங்கட தளத்தில இல்லையெண்டு ஒண்டுமே எழுதல்ல. எல்லாம் நல்லம், எல்லாம் அழகு எண்டுதான் எழுதியிருக்கு. இல்லாததையும் எழுத வேணும்."

உம்மா பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார்.

"மீன் இல்ல எண்டு எனக்கு நல்லா விளங்குது மகள். நீ எழுதத் தேவையில்ல."

*

அன்று பின்னேரமே நுஸ்ராவும் ஃபைஸல் நானாவும் தளத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். 'இலங்கையின் ஈடு இணையற்ற அனுபவம்' என்று நானா போன வருடம் எழுதியதை நுஸ்ரா தூக்கச் சொன்னாள்.

"அது நல்ல வசனம்," என்றார் நானா வருத்தத்தோடு.

"ஆர் சொன்னது ஈடு இணையற்றது எண்டு? நீங்க வேற எங்கயும் போனதா?"

நானா தூக்கினார். அந்த இடத்தில் வாப்பாவின் முகம் வந்தது, முழுப்பெயர் வந்தது, படகின் பதிவு இலக்கமும் சொந்தத் தொலைபேசி எண்ணும் வந்தன. எந்த மாதத்தில் டொல்பின் வரும் என்று எழுதினார்கள். எந்த மாதத்தில் கடல் கொந்தளிக்கும், அப்போது வர வேண்டாம் என்றும் எழுதினார்கள்.

பிறகு நுஸ்ரா 'இன்று கடல்' என்று ஒரு பகுதி தொடங்கினாள். படகு திரும்பி வந்ததும் அன்று நடந்ததை அவளே எழுதுவாள். நானா அதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுவார். முதல் நாள் இப்படி எழுதினாள்:

'இன்று டொல்பின் இல்லை. வாப்பா வடக்கே போய்ப் பார்த்தார், தெற்கே போய்ப் பார்த்தார். ஒரு கடலாமை வந்தது. ஒரு மாமாவுக்கு வாந்தி வந்தது.'

"வாந்தியையும் எழுத வேணுமா?" என்றார் நானா.

"வந்ததா இல்லையா?"

"வந்தது."

"அப்ப எழுத வேணும்."

கடைசியாக அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குப் பதில். நுஸ்ரா முதலில் எழுதியதை நானா வாசித்துவிட்டு, இதை அனுப்பினால் பொலிஸ் எங்களைத் தேடி வரும் என்றார். இரண்டாம் முறை அவள் எழுதியது இது:

'அந்தத் தளம் எங்களுடையது இல்லை. அவர்கள் எங்கள் படத்தைக் களவெடுத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் ஏமாந்தது உண்மை. உங்கள் பிள்ளை அழுததை நான் பார்த்தேன். எனக்கும் கோபம்தான். உங்களில் இல்லை, அவர்களில்.'

*

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கள்ளத் தளத்தை நம்பிய ஒரு பகுதியார் வீட்டு வாசலில் வந்து சண்டை போட்டதும், ஓர் இரவு முழுக்க வாப்பா கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததும் தவிர.

பிறகு ஒரு நாள் விடியற்காலையில், பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்த வாப்பா, "இண்டைக்கு வெளிக்கடல் சரியில்ல. காத்து வரப்போகுது," என்று உம்மாவிடம் சொன்னார். அது நுஸ்ராவின் காதில் விழுந்தது. அவள் உடனே எழுதிவிட்டாள்: 'இன்று காற்று வரும். படகு போகாது. வர வேண்டாம்.'

நீர்கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் அதைப் பாலாவிச் சந்தியில் வைத்து வாசித்துவிட்டு, வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

அன்றுதான் முதல்முறையாக வாப்பா எதையும் துடைக்காமல் கோபப்பட்டார்.

"கடலுக்குப் போறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறது நீயா, நானா?"

"நீங்கதான் சரியில்ல எண்டு சொன்னீங்க."

"உம்மாட்டத்தானே சொன்னன். ஊருக்கா சொன்னன்? அவங்க வந்திருந்தா, கரையில நிண்டு பாத்து முடிவெடுத்திருப்பன். பெற்றோல் எல்லாம் அடிச்சு வச்சிட்டு நிக்கிறன்."

"வந்த பிறகு இல்லையெண்டு சொன்னா அவங்களுக்கும் கோபம் வரும்தானே. அந்த நுவரெலியா ஆள் மாதிரி." நுஸ்ராவின் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "உம்மாவுக்குச் சொன்னா உண்மை. அவங்களுக்குச் சொன்னா மட்டும் பிழையா?"

உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அவள் உங்கட மகள்தான். எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல."

ஒன்பது மணிபோலக் காற்று எழுந்தது. கரையிலிருந்த பிளாஸ்டிக் கதிரைகள் உருண்டு ஓடின. ஒரு கழுதை நடு ரோட்டில் நின்று காற்றைப் பார்த்துக் கத்தியது. வாப்பா படகை இன்னும் மேலே இழுத்துக் கட்டினார். நுஸ்ராவும் கயிற்றைப் பிடித்தாள்.

அடுத்த வாரம் நீர்கொழும்புக் குடும்பம் வந்து இறங்கியது. வேறு இரண்டு குடும்பங்களையும் கூட்டி வந்திருந்தார்கள்.

"வர வேண்டாம் எண்டு சொன்ன படகு இதுதானே?" என்று கேட்டார் அந்த வீட்டு அம்மா. "எங்கட வாழ்க்கையில ஒரு வியாபாரியும் எங்களுக்கு அப்பிடிச் சொன்னதில்ல."

வாப்பா நுஸ்ராவைப் பார்த்தார். "என்ட மகள்தான் எழுதினது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து தொழுதுவிட்டு வந்ததும், கடலைப் பற்றி முதலில் நுஸ்ராவிடம்தான் சொல்வார்.

*

ஜனவரி முடிய ஒரு மின்னஞ்சல் வந்தது. பல்கலைக்கழகம் ஒன்றில் கடல் உயிரினங்களைப் பற்றி ஆராயும் மெலனி மிஸ் எழுதியிருந்தார்.

'டொல்பின் கண்ட நாள்களை எல்லோரும் எழுதுகிறார்கள். காணாத நாள்களை நீங்கள் மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு இரண்டும் தேவை. உங்கள் குறிப்புகளைப் பயன்படுத்தலாமா? எங்கள் பக்கத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு இணைப்பும் கொடுப்போம்.'

ஃபைஸல் நானா கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். "பல்கலைக்கழகம் எங்கள நோக்கிக் கை நீட்டுது. நுஸ்ரா, இது விலைக்கு வாங்கேலாத கை."

ஒன்றைப் பார்த்து ஒன்று வந்தது. ஒரு ஹோட்டல் தன்னுடைய தளத்தில், கடல் நிலவரத்துக்கு இங்கே பாருங்கள் என்று போட்டது. பறவை பார்க்கிற குழு ஒன்று போட்டது. வாப்பாவோடு கடலுக்குப் போனவர்கள், தாங்களாகவே இரண்டு வரி எழுதினார்கள். ஒருவர், 'டொல்பின் காணவில்லை, ஆனால் காணக் கிடைக்காமல் போகலாம் என்று முதலே சொல்லியிருந்தார்கள்' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

ஒரே நாளில் ஒன்றும் நடந்துவிடவில்லை. சலூனைத் தாண்டவே பல வாரம் ஆனது. பிறகு இரண்டாம் பக்கம். பிறகு முதல் பக்கத்தின் அடி. பிறகு மெல்ல மெல்ல மேலே.

கள்ளத் தளம் மட்டும் இன்னும் முதலாவதாக இருந்தது.

ஒரு நாள் நுஸ்ரா அதைத் திறந்தாள். 'வருடம் முழுவதும் டொல்பின் நிச்சயம்' என்ற பெரிய எழுத்துக்கு நேர் கீழே, புதிதாக 'இன்று கடல்' என்று ஒரு பகுதி. அதில் எழுதியிருந்தது: 'இன்று டொல்பின் இல்லை. ஒரு மாமாவுக்கு வாந்தி வந்தது.'

நுஸ்ராவுக்குக் காது, மூக்கு, கன்னம் எல்லாம் ஒரேயடியாகச் சிவந்தன.

"என்ட எழுத்து. என்ட வாந்தி."

"அந்த மாமாட வாந்தி," என்றார் ஃபைஸல் நானா.

"சிரிக்காதீங்க நானா. படத்தை எடுத்தாங்க. இப்ப நான் ஒவ்வொரு நாளும் கஷ்டப்பட்டு எழுதினதையும் எடுத்திருக்கிறாங்க. எல்லாரும் அவங்கதான் எழுதினாங்க எண்டு நினைப்பாங்க."

நானாவின் முகத்திலிருந்தும் சிரிப்புப் போய்விட்டது. "எங்கட தளம் மேல வாறதைக் கண்டிருக்கிறாங்க. நாங்க போட்ட உடனே அப்பிடியே இழுத்துப் போட ஒரு புரோகிராம் வச்சிருக்கிறாங்க. மூண்டு மொழியிலயும் எடுத்திருக்கிறாங்க. எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தல்ல, பார்."

நுஸ்ரா முற்றத்தில் மேலும் கீழும் நடந்தாள். ஒரு சிரட்டையைக் காலால் உதைத்தாள். அது கோழியில் பட்டது, கோழி அவளைத் திட்டியது. திடீரென்று நின்றாள்.

"நானா, அவங்க வாசிக்கிறதே இல்லையா?"

"வாசிச்சிருந்தா, நிச்சயம் எண்டதுக்குக் கீழ இல்லையெண்டு போடுவாங்களா?"

நுஸ்ராவுக்குத் தன் வகுப்பில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அவளுடைய கட்டுரையை ஒருவன் பார்த்து எழுதினான். 'எனது பெயர் நுஸ்ரா' என்ற முதல் வரியையும் சேர்த்து எழுதி, ஆசிரியையிடம் நீட்டினான்.

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். மிகவும் அமைதியாக, ஒரு பிழையும் இல்லாமல் தட்டினாள்:

'இன்று கடல் அமைதி. டொல்பின்கள் படகுக்கு முன்னால் பாய்ந்து போயின.

இதை நீங்கள் எந்தத் தளத்தில் வாசிக்கிறீர்கள்? மேலே றஸீன் என்ற பெயரும் அவருடைய முகமும் இல்லாவிட்டால், நீங்கள் நிற்பது கள்ளத் தளம். அங்கே இருக்கும் படகு அவர்களுடையது இல்லை. படத்தில் பல்லில்லாமல் சிரிக்கும் பிள்ளையும் அவர்களுடையது இல்லை. அது நான். அவர்களை நம்பிக் கடற்கரைக்கு வந்து அழுதுகொண்டு திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். படகுக்காரரோடு நேரே கதையுங்கள்.'

கீழே வாப்பாவின் தொலைபேசி எண்.

நானா மூன்று மொழியிலும் போட்டார். பிறகு இருவரும் கள்ளத் தளத்தைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சாச்சி கொண்டுவந்து வைத்த வட்டிலப்பத்தைக்கூடத் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அது வந்தது. 'வருடம் முழுவதும் டொல்பின் நிச்சயம்' என்பதற்குக் கீழே, மூன்று மொழியில், ஒரு சொல் விடாமல்: நீங்கள் நிற்பது கள்ளத் தளம்.

அதன் பிறகு வட்டிலப்பம் எப்படி முடிந்தது என்று யாருக்கும் தெரியாது.

*

வாப்பாவின் கைபேசி அன்று பின்னேரமே அடிக்கத் தொடங்கியது. கண்டியிலிருந்து ஒருவர், காலியிலிருந்து ஒருவர். "உங்கட நம்பர் ஒரு தளத்தில கிடைச்சது. தங்களை நம்ப வேணாம் எண்டு அவங்களே எழுதியிருக்கிறாங்க," என்று ஒருவர் குழப்பத்தோடு சொன்னார். வாப்பாவுக்கும் குழப்பம். நுஸ்ரா ஒன்றும் தெரியாதவள்போல இருந்தாள். பொறுக்க முடியாமல் பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்தத் தளத்தைப் பற்றி முறைப்பாடு செய்தவர்கள் பலர். அந்த முறைப்பாடுகள் அதைத் தேடல் பட்டியலில் கீழே கீழே தள்ளின.

சில நாள் கழித்து, வாப்பா படகு கழுவப் போயிருந்தபோது மறுபடி கைபேசி அடித்தது. நுஸ்ரா எடுத்தாள்.

"றஸீனா?" என்றது ஓர் ஆண் குரல்.

"றஸீன்ட மகள்."

"பெரியாக்கள் ஒருத்தரும் இல்லையா?"

"வாப்பா கடற்கரையில. என்னட்டச் சொல்லுங்க."

"உங்கட தளத்தில கள்ளத் தளம் எண்டு ஒண்டு எழுதியிருக்கு. அதை உடனே எடுக்க வேணும். எங்கட பேர் கெட்டுப்போகுது."

நுஸ்ராவின் காது சிவந்தது.

"நாங்க ஒருத்தர்ட பேரும் எழுதல்லையே. அது உங்களைப் பத்தி எண்டு எப்பிடித் தெரியும்?"

"எங்கட பக்கத்திலயும் அது வந்திருக்கு."

"எப்பிடி வந்தது?"

"அதை விடுங்க. முதல்ல எடுங்க."

"உங்களை நம்பி ஒரு சின்னப் பிள்ளை வந்து, இந்தக் கரையில அழுதுபோட்டுப் போச்சு," என்றாள் நுஸ்ரா. அவள் கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகச் சொன்னாள். "எல்லாருக்கும் முன்னால என்ட வாப்பாவைக் கள்ளன் எண்டாங்க. அப்ப நீங்க போனை ஓஃப் பண்ணி வச்சிருந்தீங்க. எங்கட பக்கத்தில இருக்கிறது உண்மை. அதை எடுக்கமாட்டம். உங்கட பக்கத்தில இருக்கிறதை நீங்களே எடுங்க. எடுக்கேக்க என்ட படத்தையும் சேத்து எடுங்க."

அவர் வைத்துவிட்டார்.

பின்னேரம் ஃபைஸல் நானா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"நுஸ்ரா, உன்ட படம் இல்ல. படம் என்ன, அந்தத் தளமே இல்ல. இப்பத் தேடிப் பார்."

நுஸ்ரா தேடினாள். எல்லாவற்றுக்கும் மேலே வாப்பாவின் முகம் வந்தது, கடலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அதற்குக் கீழே மெலனி மிஸ்ஸின் பல்கலைக்கழகப் பக்கம்.

கழுவிய வாளியோடு உள்ளே வந்த வாப்பா மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். உம்மாகூட அடுப்படியை விட்டு வந்து நின்றார்.

"என்ன நடந்தது?"

"அந்தக் கள்ளத் தளத்து ஆள் மத்தியானம் போன் எடுத்தார் வாப்பா."

வாப்பா வாளியை வைத்தார். "என்னவாம்?"

"பாவம்," என்றாள் நுஸ்ரா. "இவ்வளவு நாளா எங்கட எழுத்தை எடுத்தவர், இண்டைக்குத்தான் வாசிச்சிருக்கிறார்."